செத்த மரம் தண்ணீர் தருமா?

அமெரிக்காவின் மேற்கு மாகாணங்களிலும் கனடாவிலும் நெடுநாளாக ஒரு வாதம் நடந்து வருகிறது. மலைக் காடுகளில் வண்டு விழுந்து கோடிக்கணக்கான மரங்கள் பட்டுப்போய் நிற்கின்றன. "போனால் போகட்டும், மரம் குடித்த தண்ணீர் மிச்சம்தானே? அது ஆற்றுக்கு வரும், அணைக்கு வரும், குழாய்க்கு வரும். செத்ததை வெட்டி விற்றால் பலகைக்குப் பலகை, தண்ணீருக்குத் தண்ணீர்" என்பது அந்த வாதம். மர வியாபாரிக்கு இது தேனாய் இனிக்கிறது. தண்ணீருக்குத் தவிக்கும் நகரங்களுக்கும் ஆசை காட்டுகிறது.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. மரம் வேரால் நீரை உறிஞ்சி இலை வழியே ஆவியாக விடுகிறது என்பது பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும். மரம் செத்தால் அந்த நீர் மிஞ்ச வேண்டும் அல்லவா? இவ்வளவு எளிதான கணக்கு ஏன் பொய்த்தது? அந்தக் கணக்கை நம்பிக் கோடரியைத் தூக்கியதால் யாருக்கு என்ன வந்தது, யாருக்கு என்ன போயிற்று? எங்கோ இருக்கும் காட்டைப் பற்றி நமக்கென்ன என்று சிலர் கேட்கலாம். ஆறு பிறக்கும் காட்டில் பூச்சி விழுவது நம் நாட்டிலும் நடந்திருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அரிசி மணியளவு வண்டு

மலைப் பைன் வண்டு என்று அதற்குப் பெயர். நீளம் 5 மில்லி மீட்டர்தான். ஓர் அரிசி மணியளவு. வெளியிலிருந்து வந்த பூச்சியும் அல்ல. அந்தக் காட்டிலேயே ஆதிகாலம் முதல் இருந்து வருவது. பெண் வண்டு மரப்பட்டையைத் துளைத்து உள்ளே போகிறது. ஒரு வாசனையை விட்டு மற்ற வண்டுகளையும் கூப்பிடுகிறது. மரம் சும்மா இருப்பதில்லை. பிசினைச் சுரந்து வண்டை வெளியே தள்ளப் பார்க்கிறது. பத்து இருபது வண்டுகள் என்றால் மரம் ஜெயித்துவிடும். நூற்றுக்கணக்கில் வந்தால் பிசின் தீர்ந்துபோகும். பட்டைக்கடியில் முட்டையிட்டுப் புழுக்கள் உட்பட்டையைத் தின்கின்றன. வண்டு கூடவே சுமந்து வரும் ஒரு நீலப் பூஞ்சணம், வேரிலிருந்து மேலே நீர் ஏறும் பாதையை அடைத்துவிடுகிறது. அடுத்த கோடையில் ஊசியிலைகள் சிவந்துவிடும். மேலும் இரண்டு மூன்று ஆண்டுகளில் இலையெல்லாம் கொட்டி, மரம் சாம்பல் நிற எலும்புக்கூடாக நிற்கும்.

முன்பெல்லாம் இந்த வண்டை அடக்கி வைத்திருந்தது குளிர். பாதரசம் பூஜ்யத்துக்குக் கீழே 35, 40 டிகிரி வரை இறங்கி அப்படியே சில நாள் நின்றால், பட்டைக்கடியில் உள்ள புழுக்கள் செத்துப்போகும். 1990களிலிருந்து அப்படிப்பட்ட குளிர்காலம் அருகிவிட்டது. கோடையில் வறட்சி, 2002-ல் கொலராடோ மாகாணத்தில் கடும் வறட்சி. வறண்ட மரத்துக்குப் பிசின் ஊறாது. போதாக்குறைக்கு, நூறாண்டுக் காலமாகக் காட்டுத் தீயையெல்லாம் அணைத்து அணைத்து, ஒரே வயதுக் கிழட்டுப் பைன் மரங்கள் மைல் கணக்கில் நெருக்கமாக நின்றன. வண்டுக்கு இதைவிட நல்ல விருந்து ஏது? இயற்கையின் சாபம் என்று தலையில் கை வைத்து உட்கார இதில் ஒன்றுமில்லை. நிலக்கரியையும் எண்ணெயையும் கணக்கின்றி எரித்து லாபம் குவித்தவர்கள் பூமியைச் சூடாக்கினார்கள். அந்தச் சூடு வண்டுக்குக் கதவைத் திறந்துவிட்டது.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் மட்டும் சுமார் 1 கோடியே 80 லட்சம் ஹெக்டேர் காடு இந்த வண்டுக்கு இலக்காயிற்று. தமிழ்நாடு முழுவதும் சேர்ந்தாலும் 1 கோடியே 30 லட்சம் ஹெக்டேர்தான் என்பதை வைத்துப் பார்த்தால் இதன் அளவு புரியும். அந்த மாகாணத்தில் வெட்டி விற்கத்தக்க பைன் மரங்களில் பாதிக்கு மேல் செத்தது. அமெரிக்காவின் கொலராடோவில் 1996-க்குப் பிறகு சுமார் 34 லட்சம் ஏக்கர். கொலராடோ ஆறு பிறப்பது இந்த மலைகளில்தான்.

பழைய கணக்கு

இந்த மலைகளில் ஆற்றுக்கு வரும் நீரில் பெரும்பகுதி மழையாக வருவதல்ல; பனியாக விழுந்து, குளிர்காலம் முழுதும் கிடந்து, வசந்தத்தில் உருகி ஓடுவது. ஆகவே அங்கே மரம் இரண்டு வகையில் தண்ணீரை எடுத்துக்கொள்கிறது. கோடையில் வேரால் குடிப்பது ஒன்று. மற்றொன்று, விழும் பனியைக் கிளைகளில் தாங்கிக்கொள்வது. கிளையில் தங்கிய பனி வெயிலிலும் காற்றிலும் உருகாமலே ஆவியாகிப் போய்விடும். விழுகிற பனியில் கால் பங்கு, சில இடங்களில் அதற்கும் மேல், தரையைத் தொடாமலே இப்படி வானத்துக்குத் திரும்பிவிடுகிறது.

மரம் செத்தால் இந்த இரண்டும் நிற்கும் என்று நினைத்தவர்கள் ஆதாரமில்லாமல் நினைக்கவில்லை. 1939-ல் கொலராடோவின் ஒயிட் ரிவர் பகுதியில் பெரும் புயல் அடித்து ஸ்புரூஸ் மரங்களைச் சாய்த்தது. விழுந்த மரத்தில் பெருகிய ஸ்புரூஸ் வண்டு, 1940களில் நிற்கும் மரங்களிலும் ஏறிக் காட்டையே கொன்றது. 1955-ல் எல். டி. லவ் என்ற ஆராய்ச்சியாளர் அந்த ஆற்றின் ஓட்டக் கணக்கைப் பக்கத்து ஆற்றோடு ஒப்பிட்டு, நீர் கூடியிருக்கிறது என்று எழுதினார். 1970களில் வேறொருவர் மறுபடி பார்த்தபோதும், கால் நூற்றாண்டு கடந்தும் அந்தக் கூடுதல் தெரிந்தது. மான்டானா மாகாணத்தின் ஜாக் கிரீக் ஓடையில் சுமார் 35 சதவீத மரங்களை வண்டு கொன்றது. ஆண்டு நீர்வரத்து 15 சதவீதம் கூடியதாக 1984-ல் டொனால்ட் பாட்ஸ் கணக்குக் காட்டினார்.

இவற்றோடு இன்னொரு பரீட்சையையும் சேர்த்துச் சொல்வார்கள். கொலராடோவில் 1937-ல் அமைக்கப்பட்ட ஃபிரேசர் ஆராய்ச்சிக் காட்டில், ஃபூல் கிரீக் என்ற ஓடையின் நீர்ப்பிடிப்பில், 1954 முதல் 1956 வரை நாற்பது சதவீதக் காட்டைப் பட்டை பட்டையாக வெட்டிப் பார்த்தார்கள். ஓடையில் நீர் கணிசமாகக் கூடிற்று; பல ஆண்டுகள் நீடிக்கவும் செய்தது. (ஃபூல் கிரீக் என்றால் முட்டாள் ஓடை. பெயர்தான் அப்படி, செய்த வேலை நல்ல வேலை.) ஆனால் அங்கே வெட்டியது குறுகலான பட்டைகள். இரு புறமும் உயிருள்ள மரங்கள் காற்றைத் தடுத்துக்கொண்டு நின்றன. இடையிலே பனி பாதுகாப்பாகச் சேர்ந்தது. அந்தச் சங்கதியை விட்டுவிட்டு "மரம் போனால் நீர் வரும்" என்ற ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். விஞ்ஞானி எழுதிய பத்துப் பக்கத்தில் வியாபாரிக்கு வேண்டிய ஒரு வரிதானே அவன் கண்ணில் படும்!

கணக்கு பொய்த்த இடம்

புதிய வண்டுத் தாக்குதல் வந்தபோது எல்லோரும் ஆறு பெருகும் என்று எதிர்பார்த்தார்கள். நடந்தது என்ன? ஜோயல் பீடர்மேனும் அவருடைய கூட்டாளிகளும் கொலராடோவில் வண்டு தாக்கிய எட்டு நீர்ப்பிடிப்புப் பகுதிகளின் ஓட்டக் கணக்குகளை ஆராய்ந்து 2015-ல் வெளியிட்டார்கள். எதிர்பார்த்த பெருக்கம் அந்த எட்டிலும் காணோம்! இன்னும் தெற்கே, மழை குறைந்த அரை வறட்சிப் பிரதேசத்தில், 2002-03 வறட்சியோடு வண்டும் சேர்ந்து பின்யோன் பைன் மரங்களைக் கொன்றது. அங்கே ஆற்றோட்டம் கூடவில்லை என்பது மட்டுமல்ல, குறைந்தது என்று 2011-ல் மற்றொரு குழுவினர் கண்டார்கள்.

மரம் குடிக்காத தண்ணீர் எங்கே போயிற்று?

முதலில், செத்த மரம் வெட்டிய மரம் அல்ல. சிவந்த இலையோடு நிற்கும் வரை அது பனியைத் தாங்கிக்கொண்டுதான் இருக்கிறது. இலை கொட்டிய பிறகு பனி தரைக்கு வருகிறது, உண்மை. கூடவே வெயிலும் வருகிறது, காற்றும் வருகிறது. நிழலில் கிடந்த பனிக்கு இப்போது கூரையில்லை. போதாததற்கு, உதிர்ந்த இலைகளும் சுள்ளிகளும் வெள்ளைப் பனிமேல் கறுப்பாகப் படிந்து வெயிலை இழுக்கின்றன. முன்பு கிளையிலிருந்து ஆவியாகிப் போன பனி, இப்போது தரையிலிருந்து ஆவியாகிப் போகிறது. திருடன் மாறினானே ஒழிய களவு நிற்கவில்லை.

இரண்டாவது விஷயம் இதைவிட முக்கியம். காடு என்றால் உயர்ந்த மரம் மட்டும்தானா? பெரிய மரத்தின் நிழலில் ஒடுங்கிக் கிடந்த கன்றுகள், புதர்கள், புல், வண்டு தொடாத மற்ற ஜாதி மரங்கள் எல்லாம், தலைக்கு மேல் வெளிச்சம் கிடைத்ததும், வேருக்கு ஈரம் கிடைத்ததும், மளமளவென்று கிளம்புகின்றன. மிஞ்சிய நீரை அவை குடிக்கின்றன. லாட்ஜ்போல் பைன் காட்டில் வண்டு தடித்த மரத்தைத்தான் தேடிப் பிடிக்கிறது, இளங்கன்றுகளை விட்டுவிடுகிறது. அந்தக் கன்றுகள்தான் அடுத்த காடு.

அப்படியானால் லவ் சொன்னது பொய்யா? பொய்யில்லை. ஒயிட் ரிவரில் பனி அதிகம், உயரம் அதிகம், மரச்சாவும் கொத்தாக நடந்தது. எவ்வளவு மரம் செத்தது, அந்த மலையில் ஆண்டுக்கு எவ்வளவு மழையும் பனியும் விழும், சரிவு தெற்கே பார்த்ததா வடக்கே பார்த்ததா, கீழே கன்று உண்டா இல்லையா, இவ்வளவும் சேர்ந்துதான் விடை. ஆண்டுக்கு 500 மில்லி மீட்டருக்குக் குறைவாக மழையும் பனியும் விழும் இடத்தில், அல்லது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகக் காட்டின் கூரை அழிந்த இடத்தில், ஓட்டம் கூடும் என்று எதிர்பார்க்க வேண்டாம் என்பது 2012-ல் விஞ்ஞானிகள் சிலர் முன்வைத்த உத்தேசம். ஒரு மலையின் விடையை இன்னொரு மலைக்கு ஒட்டவைப்பது விஞ்ஞானமல்ல.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. மொத்த நீர் மாறாதபோதும், நீர் வரும் வழி மாறலாம். கொலராடோவில் வண்டு தாக்கிய நீர்ப்பிடிப்பில், கோடைக் கடைசியில் ஓடும் நீரில் நிலத்தடி ஊற்றின் பங்கு சுமார் 30 சதவீதம் கூடியிருப்பதாக 2014-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டிற்று. மரம் மண்ணிலிருந்து குடிக்காததால் அந்த ஈரம் கீழே இறங்கி ஓடைக்கு வந்து சேர்கிறது. ஆற்றங்கரையில் அளவுகோலை மட்டும் பார்த்தவனுக்கு இது தெரியாது.

எவ்வளவு என்பது பாதிக் கேள்விதான்

தண்ணீர் எவ்வளவு வருகிறது என்று கேட்பவன் ஆலோசனைக்காரன். எப்போது வருகிறது என்று கேட்பவன் விவசாயி. ஜாக் கிரீக்கில் நீர் கூடிற்று என்று சொன்ன அதே ஆராய்ச்சி, வெள்ளம் இரண்டு மூன்று வாரம் முந்தி வந்தது என்றும் சொல்கிறது. இந்த இரண்டாவது செய்தியை யாரும் மேடையில் பேசுவதில்லை.

இரண்டு வாரத்தில் என்ன வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். கொலராடோவில் தண்ணீர் உரிமை என்பது வரிசை உரிமை. 1876-ம் ஆண்டு அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்: முந்தி எடுத்தவனுக்கு முந்திய உரிமை. நூற்றைம்பது ஆண்டுக்கு முன் வாய்க்கால் வெட்டியவன் முதலில் எடுப்பான். பின்னால் வந்தவன் அவன் எடுத்த பிறகு மிஞ்சினால் எடுப்பான். பனி உருகிப் பெருகி ஓடும் மே, ஜூன் மாதங்களில் எல்லோருக்கும் கிடைக்கும். ஜூலை, ஆகஸ்டில் ஆறு சுருங்கியதும் முன்வரிசைக்காரன் "என் பங்கு எனக்கு வரவில்லை" என்று குரல் கொடுப்பான். உடனே கடைசி வரிசைக்காரனின் மதகு மூடப்படும். வெள்ளம் இரண்டு வாரம் முந்தி ஓடிப்போனால், அந்த மதகு இரண்டு வாரம் முந்தி மூடும். பயிர் தண்ணீர் கேட்கும் நேரம் மட்டும் முந்தி வராது.

அணை வைத்திருப்பவனுக்கு இதில் நஷ்டமில்லை. எப்போது வந்தாலும் பிடித்து வைத்துக்கொள்வான். டென்வர் போன்ற நகரங்களுக்கு அணை உண்டு, மலையைக் குடைந்த சுரங்கக் கால்வாய் உண்டு. முன்வரிசை உரிமைக்காரர்களில் சிறு விவசாயிகளும் இருக்கிறார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பணம் படைத்த நகரங்கள் அந்த உரிமைகளையும் விலைக்கு வாங்கி, வயல்களைத் தரிசாகப் போட்டிருக்கின்றன; கிரௌலி என்ற மாவட்டமே அப்படி வறண்டது. அணையும் இல்லாத, முன்வரிசையும் இல்லாத சிறு பாசனக்காரன்தான் வண்டு விழுந்த காட்டின் சுமையைச் சுமக்கிறான். மொத்த நீர் ஒரு துளி குறையாத ஆண்டிலும் அவன் பயிர் வாடலாம்.

மரம் குடிக்காத தண்ணீர் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி அங்கே கோர்ட் வரை போயிருக்கிறது. ஆர்கன்சா ஆற்றங்கரையில் நிலம் வைத்திருந்த சிலர், கரையோரத்தில் நீரை உறிஞ்சி வளர்ந்த மரம் புதர்களை அழித்துவிட்டு, "இவை குடித்த தண்ணீரை நாங்கள் மீட்டிருக்கிறோம், அந்த அளவுக்கு வரிசைக்குக் கட்டுப்படாத புது உரிமை எங்களுக்குத் தாருங்கள்" என்று வழக்குப் போட்டார்கள். 1974-ல் கொலராடோ சுப்ரீம் கோர்ட் மறுத்துவிட்டது. மரத்தை அழித்தவனுக்கெல்லாம் தண்ணீர் உரிமை கொடுத்தால் ஆற்றங்கரையில் ஒரு மரம் மிஞ்சுமா? அந்தத் தீர்ப்பு மட்டும் வேறு மாதிரி இருந்திருந்தால் மரம் வெட்டுவதே ஒரு தண்ணீர் வியாபாரமாகியிருக்கும். சொத்துரிமையைக் கண்ணாகப் போற்றும் கோர்ட்டே தயங்கி நின்ற இடம் அது.

வண்டுக்குப் பின்னால் வந்த கோடரி

பிரிட்டிஷ் கொலம்பியாவில் நடந்ததைப் பார்ப்போம். அங்கே காடு பெரும்பாலும் சர்க்கார் சொத்து. வெட்டும் உரிமை கம்பெனிகளிடம். வண்டு பரவியதும், செத்த மரம் உளுத்துப் போவதற்குள் வெட்டிவிட வேண்டும் என்று சர்க்கார் ஆண்டு வெட்டு அளவை உயர்த்திக் கொடுத்தது. நீலப் பூஞ்சணம் பாய்ந்த பலகைக்கு "டெனிம் பைன்" என்று அழகான பெயர் வைத்து விற்றார்கள். செத்ததோடு அதற்கிடையில் நின்ற உயிர் மரமும் விழுந்தது. அடுத்த காடு என்று மேலே சொன்னோமே, அந்தக் கன்றுகளும் யந்திரங்களின் சக்கரத்தில் நசுங்கின.

குவெஸ்னல் நகருக்குப் பக்கத்தில் பேக்கர் கிரீக் என்று ஓர் ஓடை. அதன் நீர்ப்பிடிப்பை அந்த மாகாணத்தின் வனக் கண்காணிப்பு வாரியம் ஆராய்ந்து 2007-ல் அறிக்கை வெளியிட்டது. கணக்கு மாதிரி ஒன்றை வைத்துப் பார்த்ததில், வண்டு கொன்றதால் வெள்ள உச்சம் 60 சதவீதம் உயரும். நீர்ப்பிடிப்பில் பெரும்பகுதியையும் வெட்டித் தள்ளினால் 92 சதவீதம் உயரும் என்று வந்தது. வித்தியாசத்தைக் கவனியுங்கள். வண்டு செய்த தீங்கு ஒரு பங்கு. அதற்குமேல் அதில் பாதியளவு தீங்கை மனிதன் கோடரியால் சேர்க்கிறான். செத்த மரமும் நின்றால் கொஞ்சம் நிழல் தரும், பனியைக் கொஞ்சம் தாங்கும். வெட்டவெளியில் பனி முழுதும் ஒரே வீச்சில் உருகி ஓடி வருகிறது. பாலங்களும் கல்வெர்ட்டுகளும் பழைய வெள்ளத்துக்கு அளவெடுத்துக் கட்டியவை.

நிலத்தடி நீர் மேலேறியதால் வேறொரு வேடிக்கையும் நடந்தது. வேடிக்கை என்று சொன்னது பாவம். தொழிலாளிக்கு அது வயிற்றுப் பிரச்னை. வாண்டர்ஹூஃப் வட்டாரத்தில் கோடையில் யந்திரம் இறக்கி வெட்டிவந்த கெட்டி நிலமெல்லாம் சொதசொதவென்று ஈரமாகிவிட்டது. தரை உறைந்த குளிர்காலத்தில்தான் இறங்க முடியும் என்றாயிற்று. மரம் வெட்டுபவருக்கும் லாரி ஓட்டுபவருக்கும் கோடை வேலை போயிற்று.

அதோடு முடியவில்லை. செத்த மரம் தீர்ந்தது. ஆண்டு வெட்டு அளவு தானாகக் கீழே விழுந்தது. 2014-லும் 2019-லும் மர அறுவை ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. ஒரே ஆலையை நம்பியிருந்த ஊர்களில் என்ன நடந்திருக்கும் என்பதைக் கோவையிலும் மதுரையிலும் பஞ்சாலை மூடியதைப் பார்த்த நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நல்ல காலத்தில் வேகவேகமாக அறுத்து லாபம் பார்த்த கம்பெனிகளுக்கு வேறு நாட்டிலும் ஆலை உண்டு. காட்டோரத்து ஊருக்கு வேறு காடு கிடையாது.

சாலையோரத்திலும் வீடுகளின் பக்கத்திலும் நிற்கும் செத்த மரத்தை வெட்டத்தான் வேண்டும். எப்போது விழும் என்று தெரியாது. எரிந்தால் ஊரையே எரிக்கும். அதை யாரும் ஆட்சேபிக்கவில்லை. மலை முழுவதையும் மொட்டையடித்துவிட்டு, ஆற்றுக்கு உபகாரம் செய்ததாகச் சொல்வதைத்தான் ஆட்சேபிக்கிறோம்.

வெட்டாமல் விட்டால் என்ன ஆகும்? ஜெர்மனியில் அப்படி விட்டுப் பார்த்திருக்கிறார்கள். பவேரியாவின் தேசியப் பூங்காக் காட்டில் 1983-ல் புயலடித்து மரங்கள் விழுந்தன. பூங்காவின் நடுப்பகுதியில் விழுந்ததை அப்படியே விட்டார்கள். 1990களில் பட்டை வண்டு பெருகிப் பல ஆயிரம் ஹெக்டேர் ஸ்புரூஸ் செத்தது. சுற்றுப்புறக் கிராமத்து மக்கள் கொதித்தார்கள். எங்கள் காடும் போயிற்று, குடிநீரும் கெட்டுவிடும் என்றார்கள். அந்தப் பயம் அர்த்தமற்றதல்ல. மரம் செத்தால் மண்ணிலுள்ள நைட்ரேட் உப்பை உறிஞ்ச ஆளில்லாமல் அது நீரில் கரைந்து இறங்கும். அங்கும் நைட்ரேட் ஏறத்தான் செய்தது. ஆனால் ஓடை நீரில் அது லிட்டருக்கு 50 மில்லி கிராம் என்ற குடிநீர் வரம்பைத் தாண்டாமலே சில ஆண்டுகளில் இறங்கிவிட்டது. செத்த மரங்களுக்கிடையில் புதுக் கன்றுகள் எழுந்து உப்பை உறிஞ்சின. கொலராடோ ஓடைகளிலும் நைட்ரேட் எதிர்பார்த்த அளவு ஏறாததற்கு இதே கன்றுகள்தான் காரணம் என்று 2013-ல் காட்டியிருக்கிறார்கள். வெட்டு யந்திரம் நசுக்குவது எதை என்பதை இப்போது எண்ணிப் பாருங்கள்.

கொலராடோவில் குடிநீருக்கு ஆபத்து வேறு வழியில் வந்தது. உதிர்ந்த இலையும் மக்கிய பட்டையும் நீரில் கரிமப் பொருளைச் சேர்க்கின்றன. அந்த நீரில் குளோரின் போட்டால், இரண்டும் சேர்ந்து டிரைஹாலோமீத்தேன் என்ற, உடலுக்குத் தீங்கான பொருள்கள் உண்டாகின்றன. வண்டு தாக்கிய நீர்ப்பிடிப்பிலிருந்து நீரெடுக்கும் சுத்திகரிப்பு நிலையங்களில் இது மற்ற இடங்களைவிடக் கூடுதல் என்றும் அதே 2013-ல் வெளியாயிற்று. சுத்திகரிக்கும் செலவு யார் தலையில்? குழாய்க்குக் கட்டணம் கட்டுகிறவன் தலையில். 1996-லும் 2002-லும் பெருந்தீயில் எரிந்த மலைச்சரிவுகளின் மண் அணையில் வந்து படிந்த அனுபவத்துக்குப் பிறகு, டென்வர் நீர் வாரியமும் அமெரிக்க வன இலாகாவும் 2010-ல் ஓர் ஒப்பந்தம் செய்து காட்டைச் சீர்ப்படுத்த 3 கோடியே 30 லட்சம் டாலர் ஒதுக்கின. பாதி வாரியத்துப் பங்கு. அதாவது நீர்க் கட்டணம் கட்டும் ஜனங்களின் பணம். காடும் குடிநீரும் ஒன்று என்று ஒப்புக்கொண்டதை வரவேற்கலாம். பூமியைச் சூடாக்கிய எண்ணெய்க் கம்பெனியின் பெயர் அந்த ஒப்பந்தத்தில் இல்லை என்பதையும் பார்க்க வேண்டும்.

மண்டலாவில் அளவுகோல் எங்கே?

நம் நாட்டு விஷயத்துக்கு வருவோம். நர்மதை அமர்கண்டகத்தில் பிறந்து திண்டோரி, மண்டலா மாவட்டங்கள் வழியே ஓடுகிறது. அந்தக் காடு சால் மரக் காடு. கோண்டு, பைகா மக்கள் வாழும் காடு. 1990களின் கடைசியில் அங்கே சால் துளைப்பான் என்ற வண்டு பெருகி லட்சக்கணக்கான மரங்களைப் பிடித்தது. 1920களிலும் மத்திய மாகாணத்தில் இதே வண்டு பெருஞ்சேதம் செய்ததுண்டு. புதிதாக வெட்டிய சால் கட்டைகளைத் தட்டி நசுக்கிப் போட்டு, சாறு வாசனைக்கு வரும் வண்டுகளைப் பிடிப்பது பழைய முறை. அந்த வேலையில் காட்டு மக்களைத்தான் இறக்கினார்கள். பிடித்த வண்டை எண்ணிக் கூலி கொடுத்தார்கள். எத்தனை மரத்தை வெட்டலாம் என்ற தகராறு டில்லி சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று.

அமெரிக்கக் கணக்கை அங்கே அப்படியே பொருத்த முடியாது. அது பனிக்காடு, இது பருவமழைக் காடு. இங்கே பனி ஆவியாவது பற்றிய பேச்சே இல்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை கொட்டும் மழையை இலைக்கூரை எவ்வளவு தாங்கி வேகத்தைக் குறைக்கிறது, உதிர்ந்த இலை மெத்தை எவ்வளவு நீரை மண்ணுக்குள் இறக்குகிறது, அது கோடையில் எந்த ஓடையில் ஊற்றாக வருகிறது என்பதே கேள்வி. அந்தக் கூரை போய், வெட்டு லாரி போன தடத்தில் மண் இறுகினால், மழைநீர் மண்ணுக்குள் இறங்காமல் சரிவில் ஓடும். மழைக்காலத்தில் வெள்ளம், சித்திரையில் காய்ந்த ஓடை என்று ஆகக்கூடும்.

ஃபிரேசர் காட்டைப் பற்றி ஏதாவது உறுதியாகச் சொல்ல முடிகிறது என்றால், வண்டு வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே அங்கே ஓடைகளில் அளவுகோல் நட்டு, வருஷம் தவறாமல் எழுதி வைத்ததால்தான். நோய் வந்த பிறகு நாடி பார்த்தால் பழைய நாடி என்னவென்று தெரியாது. ஆகவே சர்க்காரைக் கேட்பது இது: சால் காட்டின் சிற்றோடைகளில் இப்போதே அளவுகோல் நட வேண்டும். அளவெடுக்கும் வேலைக்கு அந்தக் கிராமத்து இளைஞர்களையே நிரந்தரச் சம்பளத்தில் அமர்த்த வேண்டும். அடுத்த தடவை வண்டு பெருகும்போது, வெட்டு ஏலத்துக்கு நாள் குறிப்பதற்கு முன், அந்த ஓடைக் கணக்கைக் கிராம சபையில் அவர்கள் பாஷையில் வாசித்துக் காட்ட வேண்டும். எந்தச் சரிவை வெட்டுவது, எந்தக் கன்றை விடுவது என்று அந்த ஓடையில் குடம் மொள்ளுகிறவர்கள் சொன்ன பிறகு ஏலத்தைப் பற்றிப் பேசலாம்.